கப்பலில் மூன்று மாதம்

1853 முதல் 1889 வரை புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து பிரெஞ்சுக் கரும்புத் தீவுகளுக்குப் பாய்க்கப்பல்கள் ஆள் ஏற்றிச் சென்றன. அவற்றில் அருகிலுள்ள ரெயூனியோனுக்கு ஒரு மாதமோ சற்றுக் கூடுதலோ பிடிக்கும். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மார்த்தினீக்குக்கும் குவாதலூப்புக்கும் போக ஏறத்தாழ மூன்று மாதம். நெல்வயலும் ஏரிக்கரையும் தவிர வேறு பார்த்திராத குடியானவர்கள், பண்ணையாட்கள், நெசவாளர்கள் இந்த நாட்களைச் சில நூறு டன் மட்டுமே கொள்ளும் மரக்கப்பல்களுக்குள் கழித்தார்கள். புறப்பட்ட ஊரைப் பற்றியும் சேர்ந்த தோட்டத்தைப் பற்றியும் எழுதப்பட்டவை ஏராளம். நடுவில் இருந்த கடலைப் பற்றிய பேச்சு குறைவு.

கப்பலேறியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் வரைபடமே பாதி விடை சொல்லிவிடும். 1749இல் கர்நாடக நவாப் சந்தா சாகிப்பிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற இந்த இரு வட்டாரங்களும் ஒட்டுமொத்தமான நிலப்பரப்புகள் அல்ல. ஒரு கிராமம் பிரெஞ்சு, அடுத்தது ஆங்கிலேயருடைய தென்னார்க்காடு, அதற்கடுத்தது மீண்டும் பிரெஞ்சு. சதுரங்கப் பலகைபோல் இப்படிச் சிதறிக் கிடந்தன. எல்லை பல இடங்களில் வெறும் வரப்புதான். இந்திய உழைப்பாளர்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை ஆங்கிலக் கம்பெனி அரசு 1839இல் தடை செய்தபோது, அந்தத் தடை செல்லுபடியாகாத மண் ஒரு வரப்புத் தாண்டியிருந்தது. பிரெஞ்சுப் பகுதியின் மக்கள்தொகை சிறியது. அதை மட்டும் நம்பி அத்தனை கப்பல்களை நிரப்பியிருக்க முடியாது. புதுச்சேரியில் ஏறியவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயப் பகுதியினர். வில்லியனூரும் பாகூரும் ஆள் கொடுத்த ஊர்களாக இருந்தன. அதைவிட, ஆட்கள் கடந்து வந்த வாசல்களாக இருந்தன. இந்த இரண்டும் கொம்யூன் என்ற நிர்வாக அமைப்பானது 1880இல்தான். ஆள் பிடிக்கும் தொழில் அதற்குள் முதிர்ந்துவிட்டிருந்தது.

தொழிலின் வேர் இன்னும் பழையது. புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1743ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஆட்களை ஏமாற்றியும் கடத்தியும் அரியாங்குப்பம் பக்கம் அடைத்துவைத்து அடிமைகளாகக் கப்பலேற்றிய செய்தியைப் பதிந்திருக்கிறார். மஸ்கரீன் தீவுகளான, பின்னால் ரெயூனியோன் என்று பெயர் மாறிய பூர்போனுக்கும் மொரீசியசுக்கும் அப்போதே தமிழ் அடிமைகளும் கைவினைஞர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். ஒப்பந்த முறையின் முதல் முயற்சி 1828இல் நடந்தது. ஏனாமிலிருந்து பதினைந்து தெலுங்கர்கள் பூர்போனுக்குச் சென்றார்கள். 1848 ஏப்ரல் 27ஆம் தேதி ஆணையால் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி வணிக நிறுவனங்கள் அந்தத் தேவையை ஏற்றுமதித் தொழிலாக்கின. ஐந்தாண்டு ஒப்பந்தம், மேற்கிந்தியத் தீவுகளில் ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க், முடிவில் இலவசமாகத் திரும்பும் உரிமை என்று தாளில் எழுதப்பட்டது.

மேஸ்திரி என்று அழைக்கப்பட்ட தரகர் சந்தையிலும் சத்திரத்திலும் தேரோட்டத்திலும் ஆள் பார்ப்பார். கடனில் மூழ்கிய பண்ணையாள், மழை பொய்த்த ஆண்டில் வேலை தேடி நடப்பவன், வீட்டில் சண்டையிட்டு வெளியேறியவன், கணவனை இழந்த பெண் ஆகியோர்தான் அவருடைய இலக்கு. கையில் முன்பணம் விழுந்துவிட்டால் பேச்சு முடிந்தது. பாகூரிலிருந்து புதுச்சேரி சுமார் இருபது கிலோமீட்டர். வில்லியனூரிலிருந்து அதில் பாதி. விழுப்புரம் ரயில் பாதை வில்லியனூர் வழியாக 1879இல் திறக்கும்வரை எல்லாரும் நடந்தோ மாட்டுவண்டியிலோதான் வந்தார்கள். நகரத்தில் டெப்போ எனப்பட்ட கொட்டடியில் கப்பல் வரும்வரை தங்க வேண்டும். வைத்தியர் பார்ப்பார், அம்மை குத்துவார்கள், பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, உயரம், அங்க அடையாளம் எழுதி ஓர் எண் கொடுப்பார்கள். வில்லியனூர் அங்கே 'வில்னூர்' ஆனது. ராமசாமி, முத்துசாமி, வீரப்பன், சின்னப்பன் என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்தரின் காதில் விழுந்தபடி தாளில் ஏறின. தீவுகளில் அவையே குடும்பப் பெயர்களாகி இன்றும் நிற்கின்றன.

புதுச்சேரியில் துறைமுகம் என்று ஒன்று அப்போது இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். இடையில் வரிசை வரிசையாக உடையும் அலைகள். ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் பிளந்துவிடும். ஆகவே ஆளும் சரக்கும் சலங்கில்தான் போயாக வேண்டும். மெல்லிய பலகைகளை ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. உள்ளே விலாச்சட்டம் கிடையாது. அலை அடித்தால் உடம்பு நெளிந்து கொடுக்கும். பின்முனையான அமரத்தில் நிற்கும் தண்டல் என்ற படகுத் தலைவர் அலையை எண்ணிக்கொண்டே இருந்து, சரியான நொடியில் குரல் கொடுத்தால் துடுப்புக்காரர்கள் ஒரே மூச்சில் வலிப்பார்கள். 1866இல் இரும்புப் பாலம் கட்டிய பிறகு ஏறுவது சற்று எளிதானது. ஆனால் அந்தப் பாலத்தின் பக்கத்திலும் பெரிய கப்பல் அணைய முடியவில்லை. கடலையே பார்த்திராதவருக்கு முதல் கடல் அனுபவம் கப்பல் அல்ல, இந்தச் சலங்குதான். நனைந்து, வாந்தியெடுத்து, கப்பலின் பக்கவாட்டில் ஏணியைப் பற்றும்போதே பாதித் துணிவு போயிருக்கும்.

கப்பலுக்குள் அவர்களுடைய இடம் மேல்தட்டுக்கும் சரக்கறைக்கும் இடைப்பட்ட தளம். கூரை தாழ்வானது, உயரமானவர் குனிந்துதான் நடக்க வேண்டும். பாய் விரிக்கும் அளவே ஒருவருக்கு இடம். தனியாட்கள் முன்முனையான அணியத்துப் பக்கம், குடும்பங்கள் நடுவில், தனிப் பெண்கள் அமரத்துப் பக்கம் என்று பிரிப்பது வழக்கம். வெளிச்சமும் காற்றும் மேல்தட்டின் திறப்புகள் வழியாகத்தான் வரும். புயலில் அவற்றை மூடிவிட்டால் உள்ளே இருட்டு, வெக்கை, முந்நூறு பேரின் மூச்சு.

இந்தப் பயணங்களுக்கு விதிகள் இல்லாமலில்லை. 1852 மார்ச் 27ஆம் தேதி பிரெஞ்சு ஆணை முதல் விதிகளை வகுத்தது. 1861 ஜூலை 1ஆம் தேதி பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆங்கிலேயப் பகுதி மக்கள் பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போவதைச் சட்டபூர்வமாக்கியதோடு கப்பலுக்கும் கட்டளையிட்டது. ஒரு வைத்தியரும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் கூடப் போக வேண்டும். ஆட்களில் குறிப்பிட்ட பங்கு பெண்களாக இருக்க வேண்டும். நன்னம்பிக்கை முனைக்கு மேற்கே போகும் கப்பல்கள் ஆகஸ்ட் 1 முதல் மார்ச் 15 வரைதான் இந்தியாவிலிருந்து கிளம்பலாம். இந்த மூன்றாவது விதிக்குப் பின்னால் பிணங்கள் இருந்தன. பருவம் தவறிப் புறப்பட்டால் தென்கோளத்துக் குளிர்காலத்தில் முனையைக் கடக்க நேரும். மார்கழிப் பனியையே கடுங்குளிராக அறிந்த உடம்புகள் அதைத் தாங்கவில்லை. குளிர்க் காலத்தில் போகிறவர்களுக்கு ரெட்டைக் கம்பளி கொடுக்க வேண்டும் என்பதும் உடன்படிக்கையிலேயே இருந்தது.

நாள் விடியலில் தொடங்கும். எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே வர வேண்டும். கடல்நீரை ஊற்றிக் குளியல். கீழ்த்தளத்தைத் தோப்பாசு எனப்பட்ட துப்புரவாளர்கள் சுரண்டிக் கழுவி, புகை போட்டு, குளோரின் தெளிப்பார்கள். உணவு இருவேளை. அரிசி, பருப்பு, உப்புக்கருவாடு, நெய் அல்லது எண்ணெய், புளி, மஞ்சள், மிளகாய், வெங்காயம் எல்லாம் புதுச்சேரியிலேயே ஏற்றப்பட்டவை. வெற்றிலை வாடி முடிந்ததும் புகையிலை மட்டும் மிச்சம். பண்டாரி என்ற சமையல்காரர் மேல்தட்டில், மண் பூசிய அடுப்பில், பெரிய கொப்பரைகளில் சமைப்பார். பத்துப் பேருக்கு ஒருவராக ஆள் போய் வாங்கி வந்து பகிர்ந்துகொள்வார்கள். கடல் கொந்தளித்தால் அடுப்பு எரியாது. அன்றைக்கு பிஸ்கோத்தும் அவலும்தான்.

பண்டாரி யாராக இருக்க வேண்டும் என்பது சின்ன விஷயம் அல்ல. யார் கையால் எல்லாரும் சாப்பிடுவார்களோ அந்தச் சாதியில் சமையற்காரரைத் தேடுவார்கள். ஆனாலும் கொப்பரை ஒன்றுதான், தண்ணீர்ப் பீப்பாயும் ஒன்றுதான். ஊரில் தனிக் கிணறும் தனித் தெருவும் இருந்த மக்கள், ஒரே தட்டின்மேல் தோளோடு தோள் படுத்தார்கள். கடல் சாதியை அழித்துவிட்டது என்று சொல்வது மிகை. தீவுகளிலும் அது வேறு வடிவில் கொஞ்ச காலம் தொடர்ந்தது. அழிந்தது அதன் புவியியல்தான். சேரி என்றும் ஊர் என்றும் பிரிக்கக் கப்பலில் இடமே இல்லை. வட இந்தியர் சென்ற கப்பல்களில் சக பயணியை 'ஜஹாஜி பாய்' என்று உடன்பிறந்தானாகவே கொண்டார்கள் என்பது தெரிந்த செய்தி. தமிழர் கப்பல்களில் ஏற்பட்ட உறவும் அதே வகையானது.

தண்ணீர் எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை. மரப்பீப்பாயில் வாரக்கணக்காகக் கிடந்த நீர் நிறம் மாறி நாறும். அளந்துதான் ஊற்றுவார்கள். 1860களுக்குப் பிறகு கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் கருவிகள் கப்பல்களில் வந்தன. கெட்ட நீரும் நெருக்கமும் சேர்ந்தால் வயிற்றுக்கடுப்பும் காலராவும் வரும். சுரமும் அம்மையும் குழந்தைகளை எடுத்துக்கொள்ளும். தீட்டிய அரிசியே உணவாகும்போது பெரிபெரி. வைத்தியரிடம் இருந்த மருந்துகளால் இவற்றில் பலவற்றுக்கு ஒன்றும் செய்ய முடியாது. இறந்தவரைத் துணியில் சுற்றி, கனம் கட்டி, கடலில் இறக்கினார்கள். கொள்ளி வைக்க மகன் இருந்தும் சுடலை இல்லை. காரியம் செய்ய ஆற்றங்கரை இல்லை. வீட்டாருக்கு மரணச் செய்தி வந்துசேர மாதங்களாகும். பலருக்கு வரவே இல்லை.

நோயைவிட மனச்சோர்வைக் கப்பல் அதிகாரிகள் அஞ்சினார்கள் என்றால் அது அவர்களின் கருணையால் அல்ல. செத்த ஆளுக்குத் தோட்டக்காரர் விலை கொடுக்க மாட்டார். ஆகவே மாலையில் மேளம் அடிக்கவும் பாடவும் ஆடவும் ஊக்கம் கொடுக்கப்பட்டது. கோயில் திருவிழாவில் பறையும் உடுக்கையும் தொட்டவர்களுக்குத் தட்டின்மேல் அரங்கு கிடைத்தது. தெருக்கூத்தும் மாரியம்மன் தாலாட்டும் மதுரை வீரன் கதையும் நினைவில் வைத்திருந்தவர்களுக்குக் கூட்டமும் கிடைத்தது. புத்தகம் கொண்டு வந்தவர்கள் மிகச் சிலர்; மற்றவர்கள் கொண்டு வந்தது தலைக்குள் இருந்தது. தீவுகளில் இன்றளவும் நடக்கும் கூத்துக்கும் பூசைக்கும் முதல் ஒத்திகை இந்த மாலைகளிலேயே நடந்திருக்க வேண்டும்.

பாதையைக் காற்றே தீர்மானித்தது. தை, மாசியில் புறப்பட்டால் வாடை பின்னாலிருந்து தள்ளும். ஆவணியில் கிளம்பினால் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எதிர்த்து நிற்கும். கப்பல் கிழக்கே சாய்ந்து, சுற்றிக்கொண்டு தெற்கே இறங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சோழமண்டலக் கரையில் நங்கூரம் போடுவதே புயலுக்கு உயிரைப் பணயம் வைப்பது. நிலநடுக்கோட்டை நெருங்கும்போது காற்று செத்துவிடும். பாய் தொங்கும், தார் உருகும், கடல் எண்ணெய்போல் கிடக்கும். நாள்தோறும் ஒரே இடத்தில். அதே இரவுகளில் வடக்கே துருவ நட்சத்திரம் தாழ்ந்து தாழ்ந்து அடிவானத்தில் மறையும். நாற்று நடவும் அறுவடையும் நட்சத்திரம் பார்த்துக் கணிக்கும் மக்களுக்கு அது சின்ன இழப்பாக இருந்திருக்காது.

நிலநடுக்கோட்டைத் தாண்டித் தென்கிழக்குக் காற்று பிடித்ததும் ரெயூனியோன் கப்பல்கள் சுமார் 4,500 கிலோமீட்டர் பயணத்தை முடித்துவிடும். மேற்கிந்தியத் தீவுக் கப்பல்களுக்குக் கடினமான பகுதி அங்கேதான் தொடங்கும். மடகாஸ்கரைத் தாண்டினால் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையோரம் அகுல்யாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடும். மேற்கிலிருந்து புயல் எதிர்த்து அடித்தால் நீரோட்டமும் அலையும் மோதி, கப்பலையே விழுங்கும் உயரத்துக்கு எழும். திறப்புகளை நாள்கணக்கில் மூடி வைப்பார்கள். கீழே உள்ளவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஓசை மட்டும் கேட்கும். 1871இல் புதுச்சேரியிலிருந்து ஆட்களோடு வந்த சூவெனான்ஸ் என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் குவாயின் முனையருகே உடைந்தது. நன்னம்பிக்கை முனையைத் தாண்டிவிட்டால் அட்லாண்டிக்கின் காற்று சீரானது. செயிண்ட் ஹெலினாத் தீவில் நின்று புதுத் தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொள்வார்கள். ஆட்களைக் கரையிறக்குவது அரிது. பிறகு இரண்டாம் முறை நிலநடுக்கோட்டைக் கடக்க வேண்டும். துருவ நட்சத்திரம் திரும்ப எழும். ஆனால் அப்போது அவர்கள் பூமியின் மறுபக்கத்தில் இருந்தார்கள்.

சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தும் இந்தக் கதை அதிகம் மாறவில்லை. கால்வாயும் செங்கடலும் பாய்க்கு ஏற்றவை அல்ல. நீராவிக் கப்பலின் செலவைக் கூலி வணிகம் தயங்கித்தான் ஏற்றது.

ஓரேலி என்ற கப்பல் 1853 மே 6ஆம் தேதி 313 பேருடன் மார்த்தினீக்கின் சென்-பியேர் துறையை அடைந்தது. அதே ஓரேலி 1854 டிசம்பரில் குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பீத்ருக்கு முதல் கூட்டத்தைக் கொண்டு சேர்த்தது. அதன் பின் முப்பத்தைந்து ஆண்டுகளில் மார்த்தினீக்குக்கு ஏறக்குறைய 25,500 பேரும் குவாதலூப்புக்கு 42,000க்கு மேற்பட்டோரும் பிரெஞ்சுக் கயானாவுக்கு எட்டாயிரத்துக்கு மேற்பட்டோரும் சென்றார்கள். ரெயூனியோனுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியவர்கள். இவர்களில் ஒரு பகுதியினர் கல்கத்தாவிலிருந்து போனவர்கள். நடத்தப்பட்ட விதம் குறித்த புகார்களால் பிரிட்டிஷ் அரசு ரெயூனியோனுக்கு ஆள் அனுப்புவதை 1882இலும், மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்புவதை 1888இலும் நிறுத்தியது. கடைசிக் கப்பல் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் குவாதலூப்பை அடைந்தது.

திரும்பும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தாலும் திரும்பியவர்கள் சிறுபான்மை. திருப்பி அனுப்பும் கப்பல்களுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. மறு ஒப்பந்தத்துக்குக் கையில் பணம் கொடுத்தார்கள். கடன் மீண்டும் ஏறியது. இன்னொரு தடவை அந்தக் கீழ்த்தளத்தில் மூன்று மாதம் கிடக்கும் நினைப்பும் பலரைத் தடுத்திருக்கும். திரும்பி வந்தவர்கள் கொண்டு வந்த சேமிப்பில் பாகூர்ப் பக்கம் கால்காணி வாங்கியவர் உண்டென்றால், டெப்போ வாசலில் மறுபடியும் வந்து நின்றவரும் உண்டு.

போனவர்கள் கடலை மறக்கவில்லை. ரெயூனியோனில் தமிழர் கோயில்களின் வளாகத்தில் உயரமான மரக்கம்பம் ஒன்று நட்டு, கயிறு கட்டி, கொடி ஏற்றுவார்கள். அது நர்குலானுக்கு உரியது. நாகூரார்தான் அங்கே நர்குலான் ஆனார். பதினாறாம் நூற்றாண்டில் நாகூரில் வாழ்ந்து, கடலோடிகளைக் காப்பவர் என்று கொண்டாடப்பட்ட சாகுல் ஹமீது ஆண்டவர் அவர். கந்தூரிக்கு நாகூர் மினாராவில் கொடி ஏறுவதை அறிந்த மக்கள் அதே கொடியைத் தீவில் பாய்மரம்போல் நட்ட கம்பத்தில் ஏற்றினார்கள். மார்த்தினீக்கில் அவர் நாகூர் மீரான் என்ற பெயரின் திரிந்த வடிவில், மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் பக்கத்தில் இடம் பெற்றார். இந்துக் கோயிலில் ஒரு முஸ்லிம் ஞானியின் கொடி ஏன் என்று கேட்டால், கப்பல் கரை சேர்ந்ததற்கு என்று பூசாரிகள் சொல்வார்கள். பிள்ளை வேண்டியோ நோய் தீரவோ நேர்ந்துகொண்டவர்கள் இன்றைக்கும் அந்தக் கம்பத்துக்குப் புதுக் கொடி கட்டுகிறார்கள்.